பத்து ஓட்டங்களும் ஏழு நாட்களும்: பூனா, 1948–49

1948 டிசம்பர் 18 அன்று பூனா கிளப் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே காத்தியவார் அணியினர் தம் உடைமைகளைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டனர். எதிரணியின் மட்டையாளர் ஒருவர் உலகச் சாதனைக்குப் பத்து ஓட்டங்கள் தொலைவில் நின்றுகொண்டிருந்தார். மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. அதே மைதானத்தில் 1949 மார்ச் 5 முதல் 11 வரை இரண்டு அணிகள் ஏழு நாட்கள் விடாது ஆடி 2376 ஓட்டங்களைக் குவித்தன. முதல்தர கிரிக்கெட் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் அத்தனை ஓட்டங்கள் அதற்கு முன்பும் எடுக்கப்படவில்லை, பின்பும் எடுக்கப்படவில்லை.

இவ்விரண்டும் ஒரே ரஞ்சிக் கோப்பைப் பருவத்தில், ஒரே ஊரில் நிகழ்ந்தவை. கிரிக்கெட் நூல்கள் இவற்றைத் தனித்தனி விந்தைகளாகச் சொல்லிச் செல்கின்றன: முதலாவது ஒரு சிற்றரசரின் சிறுமைக்குச் சான்றாம், இரண்டாவது மட்டையாளர்களின் திருவிழாவாம். சமஸ்தானங்களின் இணைப்பைப் பற்றிப் படித்துவரும் எனக்கு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலவில்லை. டிசம்பரில் பத்து ஓட்டங்கள் மறுக்கப்பட்டதற்கும், மார்ச்சில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்கள் பெருகியதற்கும் காரணம் ஒன்றே என்பது என் எண்ணம். முன்னதில் வெற்றி தோல்வி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பின்னதில் கடைசி விக்கெட் விழும்வரை அது முடிவாக வழியே இல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பருவத்தின் நிலப்படம். ரஞ்சிக் கோப்பை 1934இல் தொடங்கியது. அதன் முதல் ஆட்டம் நம் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நவம்பர் 4 அன்று நடந்து ஒரே நாளில் முடிந்தது, ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மாகாணங்களும் சமஸ்தானங்களும் கலந்து ஆடிய தொடர் அது. நவாநகர் 1936–37இல் கோப்பையை வென்றது; மேற்கிந்திய சமஸ்தானங்களின் கூட்டணி 1943–44இல் வென்றது; பரோடாவும் ஹோல்கரும் தத்தம் அரசர்களின் ஆதரவில் பலம் பெற்ற அணிகள். ‘மகாராஷ்டிரம்’ என்ற பெயரில் ஓர் அணி தொடக்கம் முதலே ஆடிவந்தது. மகாராஷ்டிர மாநிலம் பிறந்ததோ 1960 மே 1 அன்று. அதாவது அரசியல் நிலப்படத்தில் இடம்பெறுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அப்பெயர் கிரிக்கெட் அட்டவணையில் இடம்பெற்றுவிட்டது. இன்றைக்கும் அம்மாநிலத்திலிருந்து மும்பை, மகாராஷ்டிரம், விதர்பம் என மூன்று அணிகளும், குஜராத்திலிருந்து குஜராத், பரோடா, சௌராஷ்டிரம் என மூன்று அணிகளும் ஆடுகின்றன. மறைந்துபோன எல்லைகளைத் தேடுவோர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும்முன் ரஞ்சிப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

1948–49இல் அந்த எல்லைகள் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தன. காத்தியவார் தீபகற்பத்தின் இருநூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களும் சிற்றாட்சிகளும் ஒன்றாக்கப்பட்டு, 1948 பிப்ரவரி 15 அன்று காத்தியவார் ஐக்கிய நாடு என்ற புதிய அமைப்பு தொடங்கிவைக்கப்பட்டது. நவாநகரின் ஜாம் சாகேப் திக்விஜய்சிங் அதன் ராஜபிரமுகர் ஆனார். அவர் முன்பு இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தவர். ஹைதராபாத் நடவடிக்கை 1948 செப்டம்பரில் முடிந்தது. கோலாப்பூர் 1949 மார்ச் 1 அன்று பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. பரோடா அதே ஆண்டு மே 1 அன்று இணைந்தது. நாம் பேசும் இரு ஆட்டங்களும் இந்தத் தேதிகளுக்கு நடுவே நிகழ்ந்தவை.

இனி டிசம்பர் ஆட்டம். காத்தியவார் அணித்தலைவர் ராஜ்கோட்டின் தாகூர் சாகேப் பிரத்யுமன்சிங். அவ்வாண்டின் தொடக்கம்வரை ஒரு சமஸ்தானத்தை ஆண்டவர். டிசம்பரில் பட்டம் மட்டுமே எஞ்சியிருந்தவர். அவருடைய அணி முதலில் ஆடி 238 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. மகாராஷ்டிரத்தின் பதில் ஆட்டத்தில் கமல் பண்டார்கரும் பாவுசாகேப் நிம்பால்கரும் இரண்டாவது விக்கெட்டுக்கு 455 ஓட்டங்கள் சேர்த்தனர். அந்த விக்கெட்டுக்கு அதுவே உலகச் சாதனை. 1974இல் இங்கிலாந்தின் வார்விக்ஷயர் அணிக்காக ஜேம்சனும் ரோகன் கன்ஹாயும் ஆட்டமிழக்காமல் 465 எடுக்கும்வரை கால் நூற்றாண்டுக்கு மேல் அது நின்றது. பண்டார்கர் 205 எடுத்து வெளியேறினார். நிம்பால்கர் நின்றார்.

கோலாப்பூரில் 1919 டிசம்பர் 12 அன்று பிறந்தவர் நிம்பால்கர். ஆட்டம் தொடங்குவதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் 29 வயது நிறைந்திருந்தது. அந்நாள்வரை இந்தியரின் மிக உயர்ந்த ஓட்ட எண்ணிக்கை விஜய் மெர்ச்சன்ட் 1943–44இல் பம்பாய்க்காக எடுத்த 359. எடுக்கப்பட்டது மகாராஷ்டிரத்துக்கு எதிராகத்தான்! அதை நிம்பால்கர் தாண்டினார். ஆஸ்திரேலியாவின் பில் பான்ஸ்ஃபர்டு எடுத்திருந்த 429ஐயும் 437ஐயும் தாண்டினார். எஞ்சியிருந்தது ஒன்றே: 1930 ஜனவரியில் சிட்னியில் குயீன்ஸ்லாந்துக்கு எதிராகப் பிராட்மன் ஆட்டமிழக்காமல் எடுத்த 452. மூன்றாம் நாள் இடைவேளைக்கு வீரர்கள் திரும்பியபோது மகாராஷ்டிரத்தின் கணக்கு நான்கு விக்கெட் இழப்புக்கு 826, நிம்பால்கர் 443. எட்டு மணி நேரத்துக்கும் மேலாக, 494 நிமிடங்கள் ஆடி, 49 நான்குகளும் ஓர் ஆறும் அடித்திருந்தார். ஒன்பது எடுத்தால் சமன். பத்து எடுத்தால் சாதனை.

அந்த இடைவேளையில் தாகூர் சாகேப் எதிரணித் தலைவரிடம் ஒரு நிபந்தனை வைத்தார். ஆட்டத்தை இத்துடன் டிக்ளேர் செய்துவிடுங்கள். இல்லையேல் நாங்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு ஊர் திரும்புகிறோம் என்பது அதன் சாரம். இரண்டொரு ஓவர்கள் மட்டும் வீசுங்கள், சாதனை முடிந்ததும் டிக்ளேர் செய்கிறோம் என்று மகாராஷ்டிரத் தரப்பு கேட்டுப் பார்த்தது. அவர் இணங்கவில்லை. காத்தியவார் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. இடைவேளைக்குப் பின் மைதானத்தில் பந்துவீச ஆளில்லை.

இக்கதையைச் சொல்பவர்கள் அனைவரும் தாகூர் சாகேபை ஏசாமல் விடுவதில்லை. அரியணை போன கோபம், பதிவேட்டில் தன் அணியின் பெயர் நிலைத்த இழிவோடு நின்றுவிடும் என்ற அச்சம், எளிய கோலாப்பூர்க்காரர் மீது ராஜகுடும்பத்தின் அலட்சியம் என்று பலவாறு எழுதியிருக்கிறார்கள். பதிவேட்டைப் பற்றிய அச்சம் அவருக்கு இருந்திருக்கக்கூடும். மற்றவை எழுதுபவரின் மனத்தைக் காட்டுவன. அவர் செய்தது பெருந்தன்மை ஆகாது. அதில் எனக்கும் ஐயமில்லை. எனினும் ஒரு வரலாற்று மாணவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒருவர் அப்படி எழுந்து போக வழிவகுத்த ஏற்பாடு எது?

ரஞ்சிக் கோப்பை தோற்றவர் வெளியேறும் முறையில் நடந்தது. தொடக்கச் சுற்று ஆட்டங்களுக்கு நாள் வரம்பு உண்டு. அதற்குள் இரு அணிகளும் இருமுறை ஆடி முடிக்காவிட்டால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணி அடுத்த சுற்றுக்குப் போகும். 238க்கு எதிராக 239 எடுத்த கணத்திலேயே மகாராஷ்டிரத்தின் கை ஓங்கிவிட்டது. 588 ஓட்டங்கள் முன்னிலை பெற்றுவிட்ட மூன்றாம் நாளில் காத்தியவார் இனிப் பந்துவீசுவதால் போட்டியில் எதுவும் மாறப்போவதில்லை. மாறக்கூடியது ஒன்றே, நிம்பால்கரின் பெயருக்கு எதிரே உள்ள எண். அந்த எண் எந்த விதியிலும் இடம்பெறாதது. வெற்றியை யாருக்குத் தருவது என்று விதிகள் சொல்லும். தோல்வியை ஒப்புக்கொள்ளும் உரிமையையும் விதிகள் அணித்தலைவருக்குத் தருகின்றன. சாதனைக்குக் காவலாக ஒரு வரிகூட இல்லை. எதிரணியின் நல்லெண்ணம் ஒன்றே அதற்குக் காவல். அது அன்று கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 826 ஓட்டங்களைத் துரத்தித் துரத்திப் பந்து பொறுக்கியவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இரண்டரை நாள் மைதானத்தில் நின்ற பதினொருவருக்கு, முடிவான ஆட்டத்தில் இன்னொருவரின் புகழுக்காக இன்னும் ஓடும்படி கட்டளையிடுவது எந்த அளவுக்கு நியாயம்? பத்து ஓட்டங்கள்தானே என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அந்தப் பத்தின் பொருட்டு உலகமே பார்க்கும் பட்டியலில் தம் பெயர் கீழே எழுதப்படும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். இதனால் தாகூர் சாகேப் நல்லவராகிவிட மாட்டார். ஆனால் கதையில் மனிதர் ஒருவர் அல்லர், பன்னிருவர் என்பதையாவது நினைவில் வைக்கலாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. நான் வசிக்கும் கராடி அக்காலத்தில் முளா–முட்டா ஆற்றங்கரையில் வயல்கள் சூழ்ந்த சிற்றூர். பூனா மாநகரத்தோடு சேர்ந்ததே 1997இல்தான். இன்று கண்ணாடிக் கோபுரங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வார இறுதியில் வலை கட்டிய திடல்களில் மணிக்கணக்குக்கு வாடகை தந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஓவர் கணக்கைவிடக் கடிகாரத்தின் கணக்கே அங்கே பெரிது. கராடியிலிருந்து நகர் சாலை வழியாகப் பூனா கிளப்பை நோக்கிப் போனால் எரவாடாவுக்கு முன்னே ஆகாகான் மாளிகை வரும். காந்தியடிகள் சிறைவைக்கப்பட்டிருந்த இடம். கஸ்தூர்பா 1944 பிப்ரவரி 22 அன்று மறைந்த இடம். அந்தக் கஸ்தூர்பா 1939இல் சிறைப்பட்டது ராஜ்கோட் சமஸ்தானத்தில். சீர்திருத்தம் தருவதாகக் கொடுத்த வாக்கை அன்றைய தாகூர் சாகேப் தர்மேந்திரசிங் மீறிவிட்டார் என்று காந்தியடிகள் அங்கே உண்ணாநோன்பு இருந்தார். அந்தத் தர்மேந்திரசிங்கின் தம்பிதான் நம் பிரத்யுமன்சிங். 1940இல் அண்ணன் இறந்தபின் பட்டத்துக்கு வந்தவர். காந்தியடிகளின் தந்தை ராஜ்கோட்டில் திவானாக இருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தச் சின்னஞ்சிறு அரியணைக்கும் நாட்டின் பெருங்கதைக்கும் இருந்த நெருக்கம் விளங்கும். 1948 டிசம்பரில் பூனாவுக்கு ‘ராஜ்கோட் தாகூர்’ என்ற பெயர் புதிதன்று. அது நல்ல நினைவுகளை எழுப்பிய பெயரும் அன்று. ஆட்டத்தைவிட்டு எழுந்து போனவர் வேறு எவராகவேனும் இருந்திருந்தால் இத்தனை கசப்போடு கதை சொல்லப்பட்டிருக்குமா என்பது என் ஐயம்.

மைதானத்துக்கே திரும்புவோம். அதற்கும் ஒரு பழங்கதை உண்டு. பூனாவில் ஐரோப்பியரின் கிரிக்கெட் கிளப்பில் 1892 அளவில் மாதம் நான்கு ரூபாய்க்குத் திடலைச் சீர்செய்யும் வேலைக்குச் சேர்ந்த தலித் இளைஞர் பல்வங்கர் பாலு, வலைப் பயிற்சியில் ஜே. ஜி. கிரேக் என்ற ஆங்கிலேய மட்டையாளருக்குப் பந்து வீசி வீசியே நாட்டின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தவர். பூனாவின் கிரிக்கெட் பந்துவீச்சாளர்களிடமிருந்து தொடங்கியது என்று நினைவூட்டவே இதைச் சொன்னேன். ஏனெனில் 1940களில் அவ்வூர் பந்துவீச்சாளர்களுக்கு நரகமாகிவிட்டது. விஜய் ஹசாரே 1939–40இல் பரோடாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 316 எடுத்தது பூனாவில். சமஸ்கிருதப் பேராசிரியர் தி. ப. தேவ்தர் 52 வயதில் நவாநகருக்கு எதிராக இரு இன்னிங்ஸிலும் சதம் அடித்தது 1944இல், பூனாவில். அந்தத் தேவ்தரின் தலைமையில்தான் மகாராஷ்டிரம் 1939–40இலும் 1940–41இலும் கோப்பையை வென்றது. இரண்டாம் முறை சேப்பாக்கத்தில் நம் சென்னை அணியைத் தோற்கடித்து.

டிசம்பர் ஆட்டத்தோடு காத்தியவாரின் பருவம் முடிந்தது. மகாராஷ்டிரமோ அரையிறுதிவரை வந்து தன் பழைய பகையான பம்பாயைச் சந்தித்தது. வழக்கமான மண்டலப் பிரிவு இருந்திருந்தால் மேற்கு மண்டலத்தின் இரு அணிகள் அரையிறுதியில் மோத வழியில்லை. அந்தப் பருவத்தில் அப்பிரிவு கைவிடப்பட்டிருந்தது. ஆகவே பம்பாய், மகாராஷ்டிரம், பரோடா என மேற்கின் மூன்று அணிகளும் போட்டியின் கடைசிக் கட்டம்வரை வந்துவிட்டன.

அரையிறுதிக்கு நாள் வரம்பு கிடையாது. முடிவு தெரியும்வரை ஆட வேண்டும். இந்த ஒரு சொற்றொடர் ஆட்டத்தின் இயல்பையே மாற்றிவிடுகிறது.

பம்பாய் முதலில் ஆடி 651 எடுத்தது. மாதவ் மந்திரி 200; இவர் பிற்காலத்தில் நாடறிந்த சுனில் கவாஸ்கரின் தாய்மாமன். விஜய் மெர்ச்சன்டின் தம்பி உதய் மெர்ச்சன்ட் 143. தத்து பட்கர் 131. மகாராஷ்டிரம் தன் பங்குக்கு 407 எடுத்தது. தாதார் 143, மதுசூதன் ரேகே 133. முன்னிலை 244. டிசம்பரின் கணக்குப்படி பார்த்தால் ஆட்டம் இத்துடன் முடிந்தது எனலாம். நாள் வரம்பு இருந்திருந்தால் பம்பாய் ஃபாலோ ஆன் கொடுத்திருக்கும், அல்லது பொழுது போகட்டும் என்று ஆடியிருக்கும். இங்கே அந்த 244 வெறும் 244தான். அதற்குத் தனி மதிப்பில்லை. ஆகவே பம்பாய் மறுபடியும் தானே மட்டையெடுத்தது. நாட்கணக்கில் மிதிபட்ட ஆடுகளத்தில் கடைசி இன்னிங்ஸை எதிரணியின் தலையில் கட்டுவதே அறிவுடைமை. எட்டு விக்கெட்டுக்கு 714 எடுத்தபின்தான் டிக்ளேர் செய்தது. உதய் மெர்ச்சன்ட் மீண்டும் சதம், 156. பட்கர் மீண்டும் சதம், 160.

மகாராஷ்டிரத்துக்கு இலக்கு 959.

இந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கலாம். பூனாக்காரர்கள் சிரிக்கவில்லை, ஆடினார்கள். ரேகே இந்த இன்னிங்ஸிலும் சரியாக 100 எடுத்தார். பேராசிரியர் தேவ்தரின் மகன் சரத் தேவ்தர் 146 எடுத்தார். கடைசி விக்கெட் விழுந்தபோது கணக்கு 604. நான்காவது இன்னிங்ஸில் அதைவிட அதிகம் அதுவரை எடுத்தது ஓர் அணியே: சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1939 மார்ச்சில், டர்பனில் நடந்த காலவரம்பற்ற டெஸ்டில் 696ஐத் துரத்திய இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தது. கப்பல் புறப்படும் நேரம் வந்துவிட்டதால் இங்கிலாந்து வீரர்கள் வெற்றியை எட்டும் தூரத்தில் விட்டுவிட்டு ஏற வேண்டியதாயிற்று. வரம்பற்ற ஆட்டம் சமனில் முடிந்தது. பூனாவில் பிடிக்க வேண்டிய கப்பல் எதுவுமில்லை. பம்பாய் 354 ஓட்டங்களில் வென்றது.

மொத்தம் ஒன்பது சதங்கள். ஒரே ஆட்டத்தில் மூன்று பேர், பட்கரும் உதய் மெர்ச்சன்டும் ரேகேவும், இரு இன்னிங்ஸிலும் சதம் அடித்தனர். அந்த ஒன்பதில் நிம்பால்கரின் பெயர் இல்லை என்பது இப்பருவத்தின் வினோதங்களுள் ஒன்று.

பந்துவீச்சாளர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இத்தகைய ஆட்டங்கள் வேறு தோற்றம் கொள்ளும். நான்கு ஆண்டுகளுக்கு முன் 1944–45 இறுதியாட்டமும் முடிவு தெரியும்வரை ஆடப்பட்டது. பம்பாய் ஹோல்கரை 374 ஓட்டங்களில் வென்றது. அதில் ஹோல்கரின் சி. எஸ். நாயுடு இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 917 பந்துகள் வீசி 428 ஓட்டங்கள் கொடுத்தார். பதினொரு விக்கெட் எடுத்தும் தோற்ற அணியில்தான் இருந்தார். அவருடைய தோளுக்கு யாரும் சாதனைப் பட்டம் சூட்டவில்லை. சூட்டினாலும் அதை அவர் விரும்பியிருப்பாரா தெரியாது.

இத்தனை ஓட்டங்கள் எப்படி வந்தன என்று கேட்டால் ஆடுகளத்தைக் கைகாட்டுவது வழக்கம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. அதே குளிர்காலத்தில் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்திருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி டெல்லி டெஸ்டில் 631, பம்பாய் டெஸ்டில் ஆறு விக்கெட்டுக்கு 629 என்று குவித்தது. எவர்ட்டன் வீக்ஸ் தொடர்ந்து ஐந்து டெஸ்ட் இன்னிங்ஸ்களில் சதமடித்துவிட்டு, சேப்பாக்கத்தில் ஆறாவதுக்கு முயன்று 90இல் ரன் அவுட் ஆனார். நாடெங்கும் ஆடுகளங்கள் மட்டைக்கே சாதகம். ஆனால் டெஸ்டுகளுக்கு ஐந்து நாள் வரம்பு இருந்தது. பிப்ரவரியில் பம்பாயில் நடந்த கடைசி டெஸ்டில் 361ஐத் துரத்திய இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 355 எடுத்திருந்தபோது நேரம் முடிந்துவிட்டது. ஆறு ஓட்டங்களில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி கைநழுவியது. அன்று ஆட்டமிழக்காமல் நின்றவர் பட்கர். ஒரு மாதத்துக்குள் அவருக்குப் பூனாவில் காலமே இல்லாத ஆட்டம் கிடைத்தது. அவர் அதை எப்படிப் பயன்படுத்திக்கொண்டார் என்று மேலே கண்டோம். இதைப் பழிதீர்த்தல் என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் அப்படி எழுத மாட்டேன்.

ரேகேவின் கதை இதைவிட என்னை வருத்துவது. 1949 ஜனவரி இறுதியில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில் அவருக்கு இந்திய அணியில் இடம் கிடைத்தது. பட்கர் ஏழு விக்கெட் எடுத்தும், இந்தியா இன்னிங்ஸும் 193 ஓட்டங்களுமாகத் தோற்ற ஆட்டம் அது. ரேகே எடுத்தவை 15, 0. ஐந்து வாரங்கள் கழித்துப் பூனாவில் 133, 100. அதன்பின் அவருக்கு இன்னொரு டெஸ்ட் வாய்க்கவேயில்லை. இரண்டு இன்னிங்ஸ் ஒருவரை அளக்கப் போதுமா என்று கேட்டால், அந்தக் காலத்துத் தேர்வாளர்கள் போதும் என்றே நடந்துகொண்டார்கள்.

நிம்பால்கருக்கு அந்த 15, 0 கூடக் கிடைக்கவில்லை. 443 எடுத்த பதின்மூன்றாம் நாள் கல்கத்தாவில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அவர் அழைக்கப்படவில்லை. இதை வெறும் அநீதி என்று சொல்லிவிட முடியாது. அத்தொடரில் ரூசி மோடி 560 ஓட்டங்களும் ஹசாரே 543 ஓட்டங்களும் எடுத்தார்கள். நடுவரிசையில் இடம் காலியாக இல்லை. ஆனால் அது ஒரு தொடருக்கான விடை. அதன்பின் வந்த ஆண்டுகளிலும் அவர் பெயர் டெஸ்ட் பட்டியலில் ஏறவில்லை என்பதற்கு அந்த விடை போதாது. பரோடா, ஹோல்கர், மகாராஷ்டிரம், ரயில்வே என்று பல அணிகளுக்கு ஆடி, முதல்தர ஆட்டங்களில் சராசரி 48ஐ ஒட்டி வைத்திருந்தவர். ரஞ்சிக் கோப்பையில் மலைபோல் குவியும் ஓட்டங்களைத் தேர்வாளர்கள் அந்தக் காலத்தில் ஓரளவு தள்ளுபடி செய்தே கணக்கிட்டிருக்க வேண்டும். 2376 ஓட்டங்கள் பிறந்த ஆட்டத்துக்குப் பின் அப்படிக் கணக்கிடுவோரைக் குறைசொல்வதும் கடினம். ஒருவகையில் பார்த்தால், அந்த மார்ச் மாதம் டிசம்பரின் மதிப்பைக் குறைத்துவிட்டது.

இறுதியாட்டத்தில் பம்பாய் பரோடாவை 468 ஓட்டங்களில் தோற்கடித்தது. சில வாரங்களில் பரோடா சமஸ்தானமே பம்பாய் மாகாணத்துக்குள் போய்விட்டது. அணி மட்டும் நிலைத்தது. காத்தியவாருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1950–51 முதல் அந்நிலப்பகுதி சௌராஷ்டிரம் என்ற பெயரில் ஆடத் தொடங்கியது. இன்று ‘காத்தியவார்’ என்ற அணியின் பெயர் கிரிக்கெட் அன்பர்களின் நினைவில் இருப்பது, அது ஆட மறுத்த ஒரு பிற்பகலின் பொருட்டு மட்டுமே. எதைத் தவிர்க்க அவர்கள் ரயிலேறினார்களோ அதுவே நேர்ந்தது. பத்து ஓட்டங்களைக் கொடுத்திருந்தால் 1959 ஜனவரியில் கராச்சிக்காக ஆடிய ஹனீஃப் முகமது அதைத் தாண்டியிருப்பார். காத்தியவாரின் பெயரும் பட்டியலில் ஒருபடி கீழே இறங்கியிருக்கும். ஹனீஃபும் 499இல் ரன் அவுட் ஆனவர். பலகையில் ஓட்டங்கள் குறைவாகக் காட்டப்பட்டிருந்ததால் 496 என்று எண்ணிக்கொண்டு ஓடியவர். 1994இல் பிரையன் லாரா 501 எடுத்தார். லாரா, ஹனீஃப், பிராட்மன் ஆகியோருக்கு அடுத்து நிம்பால்கர். அவர்களுள் டெஸ்ட் ஆடாதவர் அவர் ஒருவரே. 2012 டிசம்பர் 11 அன்று, 93 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்பு, அவர் காலமானார்.

பூனா கிளப்பின் அந்த இரு ஆட்டங்களை நேரில் கண்டவர்கள் இப்போது அரியர். 1940களில் பூனாவில் ராணுவ அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுள் எவரேனும் எழுதிவைத்த நாட்குறிப்போ கடிதமோ, 1949 மார்ச்சின் அந்த ஏழு நாட்களில் ஒரு நாளையாவது குறிப்பிடுவது, நண்பர்களின் வீடுகளில் இருக்குமாயின் உள்பெட்டியில் தெரிவிக்க வேண்டுகிறேன். மராத்தி இதழ்களின் பழைய தொகுப்புகளைப் பார்த்துவருகிறேன். தமிழில் அந்த ஆட்டத்தைப் பற்றி அன்று எழுதப்பட்ட ஒரு பத்தி கிடைத்தாலும் பேருதவியாக இருக்கும்.